வீட்டுச் சமையலுக்கு ஒரு ‘ரகசியப் பொருள்’: தேடுவது, சோதிப்பது, அளவு குறிப்பது

“இதுல என்ன போட்டீங்க?” என்று சாப்பிட்டவர் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் பலரும் ரகசியப் பொருளைத் தேடுகிறார்கள். தேடும் விதத்தில்தான் சிக்கல். யாரோ ஆம்லெட்டில் எதையோ சேர்த்து அசத்தினார் என்று கேள்விப்பட்டதும் அதை வாங்கிவந்து, அடுப்பில் ஏறும் எல்லாவற்றிலும் கொஞ்சம் விட்டுப் பார்க்கிறார்கள். பாதி பாட்டில் தீர்வதற்குள் சலித்துவிடுகிறது.

சமையல் பழகும் சிலருக்கு அருகில் நின்று பார்த்ததில், அநேகமாக எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: பொருளிலிருந்து தொடங்குகிறார்கள். முதலில் உணவு, அடுத்து அதன் குறை, அதற்கப்புறம்தான் பொருள். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், நாக்கு களைத்துப்போகும்.

1. ஒரே ஒரு உணவைத் தேர்ந்தெடுங்கள்

வாரம் ஒருமுறையாவது செய்வதாக, அரை மணி நேரத்துக்குள் முடிவதாக இருக்கட்டும். ஆம்லெட், நூடுல்ஸ், தக்காளி சூப், உருளைக்கிழங்கு வறுவல், சீஸ் டோஸ்ட், பாப்கார்ன் என எதுவானாலும் சரி. விருந்துக்குச் செய்யும் பெரிய அயிட்டம் வேண்டாம். அதில் பதினைந்து பொருள் இருக்கும். பதினாறாவது என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடிக்கடி செய்யும் உணவாக இருந்தால் வழக்கமான சுவை நாக்கில் பதிந்திருக்கும். மாற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்க அந்த நினைவுதான் வேண்டும்.

2. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

கருவிகள் அதிகம் வேண்டாம். கிராம் காட்டும் சிறிய தராசு, அளவுக் கரண்டிகள் (1 டீஸ்பூன் 5 மில்லி, கால் டீஸ்பூன் 1.25 மில்லி), ஒரே மாதிரியான நான்கைந்து சின்னக் கிண்ணங்கள், குடிக்கத் தண்ணீர், ஒரு நோட்டு. தராசு இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். நோட்டு இல்லாமல் தொடங்காதீர்கள்.

பொருள்களில் தூள் உப்பு, எலுமிச்சை அல்லது வினிகர், சர்க்கரை, வெண்ணெய், மிளகு, சோயா சாஸ், அஜினோமோட்டோ என்று நாம் சொல்லும் மோனோசோடியம் குளூட்டமேட், கொஞ்சம் சமையல் சோடா. முதல் சுற்றுக்கு இவ்வளவே போதும். கடையில் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை.

ஆரம்பிக்கும் முன் ஒவ்வொன்றையும் மோந்து பாருங்கள். சிக்கு வாடை அடிக்கும் எண்ணெயும், மணம் போன மிளகுத்தூளும் சமையலைக் கெடுத்துக்கொண்டிருக்கும்போது, புதுப்பொருள் சேர்த்து என்ன பயன்? எண்ணெயை மாற்றியதுமே “ஏதோ வித்தியாசமாக இருக்கிறதே” என்று வீட்டில் கேட்ட கதைகளும் உண்டு.

3. அடிப்படையை இரண்டு முறை செய்யுங்கள்

எந்த ரகசியமும் இல்லாமல், எல்லாவற்றையும் அளந்து, ஒரே மாதிரி இரண்டு முறை செய்யுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வரவில்லை என்றால் உங்களுக்குத் தேவை பொருள் இல்லை, கைப்பக்குவம். அடுப்புச் சூட்டிலோ நேரத்திலோ ஏதோ மாறுகிறது. அதைப் பிடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். முதலாவது உப்பு. பெரும்பாலான உணவுகளுக்கு மொத்த எடையில் 1 சதவீதம் உப்பு என்பது நல்ல தொடக்கம்: 500 கிராம் சூப்புக்கு 5 கிராம். தூள் உப்பில் ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம் வரும். கல் உப்பை அதே கரண்டியில் அளந்தால் நடுவே இடைவெளி விழுவதால் எடை குறையும். ‘நேற்று சரியாக இருந்தது, இன்று சப்பென்று இருக்கிறது’ என்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

இரண்டாவது ஈரம். உணவின் மேற்பரப்பில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த மணமும் வேகமாகப் பிறப்பதற்கு ஏறக்குறைய 140 டிகிரியாவது வேண்டும். கழுவிய காளானை ஈரத்தோடு வாணலியில் கொட்டிவிட்டு “மணமே வரவில்லை, என்ன சேர்க்கலாம்?” என்று கேட்டால், பதில் ஒரு துணிதான். துடைத்துவிட்டுப் போடுங்கள்.

4. குறைக்கு ஒரு பெயர் வையுங்கள்

எல்லாரும் தாண்டிக் குதிக்கும் படி இது. “நல்லா இருக்கு, ஆனா என்னவோ குறையுது” என்பதோடு நின்றுவிடுவார்கள். அந்த ‘என்னவோ’வுக்கு நம் பேச்சிலேயே தெளிவான சொற்கள் இருக்கின்றன. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எந்தச் சொல் முதலில் வருகிறது என்று பாருங்கள்.

சப்பென்று இருக்கிறதா? முதல் சந்தேகம் உப்பின் மேல். உப்பைச் சரிபார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். உப்பு கசப்பை அடக்கும். அது அடங்கியதும் உள்ளே இருந்த இனிப்பும் மற்ற சுவைகளும் தெரியும். அதனால்தான் சாக்லேட்டிலும் ஒரு சிட்டிகை உப்புக்கு வேலை இருக்கிறது.

திகட்டுகிறதா? இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை என்றால் கொழுப்போ இனிப்போ ஓங்கி நிற்கிறது. புளிப்பு வேண்டும். சில துளி எலுமிச்சை, வினிகர், கொஞ்சம் கடுகு பேஸ்ட், ஊறுகாயின் புளிப்புத் தண்ணீர், எதுவானாலும் அந்தக் கனத்தை வெட்டும்.

உப்பு சரியாக இருக்கிறது, புளிப்பும் இருக்கிறது, ஆனால் விழுங்கியதுமே சுவை காணாமல் போகிறதா? தண்ணீராக, ஆழமில்லாமல் தோன்றுகிறதா? இது உமாமிக் குறை. உமாமி என்பது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு தவிர்த்த ஐந்தாவது சுவை. சோயா சாஸ், நன்றாக வதக்கிய தக்காளி விழுது, முதிர்ந்த சீஸ், காய்ந்த காளான், அஜினோமோட்டோ ஆகியவை இங்கே உதவும். காய்ந்த காளானையும் இவற்றில் ஒன்றையும் சேர்த்துப் போட்டால், இரண்டின் கூட்டுத்தொகையைவிட அதிகமாகவே சுவை கூடும். காளானில் உள்ள குவானிலேட்டும் மற்றவற்றில் உள்ள குளூட்டமேட்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன.

சுள்ளென்று புளிப்பு அடிக்கிறதா? கொஞ்சம் சர்க்கரை புளிப்பை மறைக்கும். ஒரு சிட்டிகை சமையல் சோடா புளிப்பையே குறைக்கும். இரண்டும் வேறு வேறு வேலை. சூப் இனிக்கக் கூடாது என்றால் சோடா. நுரைத்துப் பொங்கும், பயப்படாதீர்கள். பாத்திரம் மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

காரம் தாங்கவில்லையா? மிளகாயின் கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். வெண்ணெயோ க்ரீமோ சேர்த்தால் அடங்கும். தண்ணீர் ஊற்றினால் உப்பும் சேர்ந்து நீர்த்துப்போகும்.

சுவையில் குறை இல்லை, ஆனால் மெல்லும்போது சவசவ என்று இருக்கிறதா? அப்படியானால் எந்த சாஸும் உதவாது. ரஸ்க் தூளை வெண்ணெயில் வறுத்து மேலே தூவிப் பாருங்கள். மொறுமொறுப்பையும் ‘சுவை’ என்றே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். அதனால் இந்தக் குறையைக் கண்டுபிடிக்கத்தான் நாளாகும்.

சுவை பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. சாப்பிடப்போகும் சூட்டிலேயே ருசி பாருங்கள். கொதிக்கக் கொதிக்க எடுத்தால் சூடுதான் தெரியும், சுவை தெரியாது. ஆறினால் இனிப்பு மங்கும். ஐஸ்க்ரீம் உருகியதும் அதிகமாக இனிப்பதை நினைத்துப் பாருங்கள். அப்புறம், அரை மணி நேரம் அடுப்படியில் நின்ற மூக்கு அந்த மணத்துக்குப் பழகிப்போயிருக்கும். ஐந்து நிமிடம் வெளியே போய்விட்டு வந்து சுவைத்தால் தீர்ப்பு மாறும்.

5. கிண்ணத்தில் சோதியுங்கள், பானையில் அல்ல

முழுப் பாத்திரத்திலும் நேராக ஊற்றிவிட்டால் திரும்பி வர வழி இல்லை. நானே ஒருமுறை ஒரு பெரிய பாத்திரம் சூப்பில் மூன்று மூடி சோயா சாஸை மளமளவென்று விட்டு, அதைச் சரிசெய்யத் தண்ணீரும், தண்ணீரைச் சரிசெய்ய மாவும் சேர்த்து, கடைசியில் பசை காய்ச்சி முடித்திருக்கிறேன். அன்றைக்கு வந்த ஞானம்தான் இந்தப் படி.

செய்த உணவில் 100 கிராம் வீதம் நான்கு கிண்ணங்களில் எடுங்கள். முதல் கிண்ணத்தைத் தொடாதீர்கள். ஒப்பிட அது வேண்டும். மற்ற மூன்றில் நீங்கள் சந்தேகப்படும் மூன்று பொருள்களை, கிண்ணத்துக்கு ஒன்றாகச் சேருங்கள். திரவமென்றால் 5 துளி, தூளென்றால் ஒரு சிறு சிட்டிகை. சுவைத்து, தண்ணீர் குடித்து, மறுபடி முதல் கிண்ணத்துக்கு வந்து, பிறகு அடுத்தது.

ஒரு கிண்ணத்தில் இரண்டு பொருள் போடும் ஆசை வரும். வேண்டாம். நன்றாக வந்தால் எது காரணம் என்று தெரியாது; கெட்டுப்போனாலும் எது காரணம் என்று தெரியாது.

வென்ற கிண்ணத்தில் அளவைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் அந்தப் பொருளின் பெயரைச் சொல்லிவிட முடியும்: “ஓ, இது சோயா சாஸ்.” அதற்கு முந்தைய அளவுதான் உங்கள் அளவு. ரகசியப் பொருள் தன் முகத்தைக் காட்டக் கூடாது. காட்டிவிட்டால் அது சோயா சாஸ் சூப், அவ்வளவுதான்.

பாத்திரத்துக்குக் கணக்கு எளிது. 20 துளி ஏறக்குறைய 1 மில்லி. 100 கிராமுக்கு 10 துளி சரி என்றால், 1 கிலோவுக்கு 100 துளி, அதாவது 5 மில்லி, ஒரு டீஸ்பூன். அதில் முக்கால் பங்கை முதலில் சேர்த்து, சுவைத்து, பிறகு மீதி. பெருக்கல் கணக்கை முழுதாக நம்பி ஊற்றாதீர்கள். துளியின் அளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும்.

உப்புள்ள பொருளைச் சேர்க்கும்போது உப்பைக் குறைக்க மறக்கக் கூடாது. சோயா சாஸ், முதிர்ந்த சீஸ், ஊறுகாய்த் தண்ணீர் எல்லாமே உப்பு. இதை மறந்தால் “கரிக்கிறது” என்ற குற்றம் ரகசியப் பொருளின் தலையில் விழும்.

6. எப்போது சேர்ப்பது

ஒரே பொருள் சேரும் நேரத்தைப் பொறுத்து இரண்டு பொருளாக நடந்துகொள்ளும். புதியவர்கள் அளவைப் பற்றிக் கேட்கிறார்கள்; நேரத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

எண்ணெய்க் கட்டம்: தக்காளி விழுது, மிளகு, மிளகாய்த்தூள். இவற்றின் நிறமும் மணமும் கொழுப்பில் இறங்கும். தக்காளி விழுதை நேராகத் தண்ணீரில் கரைத்தால் டப்பா வாடை அப்படியே நிற்கும். எண்ணெயில் இரண்டு மூன்று நிமிடம், செங்கல் நிறம் வரும்வரை வதக்குங்கள். தூள்களுக்கு அரை நிமிடம் போதும். அதற்குமேல் விட்டால் கருகி, கமறல்தான் மிச்சம்.

தண்ணீர்க் கட்டம்: உப்பு, அஜினோமோட்டோ, சமையல் சோடா. இவை தண்ணீரில்தான் கரையும். எண்ணெயில் தூவினால் அடியில் மணலாகக் கிடக்கும், ஒரு வாய் கரிக்கும், அடுத்த வாய் சப்பென்று இருக்கும்.

கடைசிக் கட்டம்: எலுமிச்சை, பச்சை இலைகள், மணத்துக்காகச் சேர்க்கும் எதுவும். எலுமிச்சையின் புளிப்பு கொதித்தாலும் போகாது, ஆனால் மணம் ஆவியாகிவிடும். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் பிழியுங்கள். வெறும் புளிப்புக்காக மட்டுமென்றால் வினிகரே போதும், அதை முன்னாலும் விடலாம்.

சோயா சாஸ் இரண்டு கட்டத்திலும் வேலை செய்யும். நூடுல்ஸ் கிளறும்போது சூடான வாணலியின் ஓரத்தில் விட்டால் உடனே சுண்டி, வறுத்த மணம் வரும். சூப்பில் கடைசியில் விட்டால் ஆழம் மட்டும் வரும்.

7. செய்து பார்த்துச் சரியாக வந்த சில

உருளைக்கிழங்கு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: ஒரே கிழங்குக்கு இரண்டு நேர் எதிர் ரகசியங்கள். பெரிய துண்டுகளாக நறுக்கி, வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் வேண்டுமானால், 2 லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் உப்பும் போட்டு 1 கிலோ கிழங்கைப் பத்து நிமிடம் வேகவையுங்கள். சோடாவின் காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரானது) கிழங்கின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டினைத் தளர்த்தும். வடித்து, ஆவி போகவிட்டு, எண்ணெயோடு பாத்திரத்தைக் குலுக்கினால் வெளிப்புறம் மாவு பூசியதுபோல் ஆகும். அதுதான் ஓவனில் 220 டிகிரியில் மொறுமொறுப்பாக மாறுகிறது.

மெல்லிய குச்சிகளாக நறுக்கினால் கதை தலைகீழ். சோடா போட்டால் குச்சி கரைந்துபோகும். 1 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் விட்டு வேகவைத்தால் பெக்டின் இறுகி நிற்கும், குச்சி உடையாது. பிறகு துடைத்துப் பொரியுங்கள். வினிகர் வாடை வருமோ என்று கேட்பார்கள். பொரித்தபின் தெரியாது.

முட்டைப் பொடிமாஸ். மூன்று முட்டைக்கு, அதாவது ஏறக்குறைய 150 கிராமுக்கு, கால் டீஸ்பூன் உப்பு. அதை அடித்தவுடன் சேர்த்து 15 நிமிடம் விடுங்கள். உப்பு முட்டையின் புரதங்கள் அளவுக்குமேல் இறுகாமல் தடுப்பதால், வெந்தபின் தட்டில் தண்ணீர் விடாது. கூடவே 15 கிராம் குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அடித்த முட்டையிலேயே போடுங்கள். மெதுவாக உருகி, வேகும் வேகத்தைத் தணிக்கும். இங்கே ரகசியப் பொருள் காத்திருப்பதுதான். ஆனால் அப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, வெண்ணெய்க்கே பெயர் போகிறது.

சீஸ் டோஸ்ட். ரொட்டியின் வெளிப்புறம் வெண்ணெய்க்குப் பதில் மயோனைஸ். குளிராக இருந்தாலும் ரொட்டியைக் கிழிக்காமல் பரவும். அதில் எண்ணெயும் முட்டையும் இருப்பதால் நிறம் ஒரே சீராக வரும். உள்ளே சீஸோடு மெல்லிசாகக் கடுகு பேஸ்ட். தீ சிம்மில் இருக்கட்டும். அவசரப்பட்டால் வெளியே கருகும், உள்ளே சீஸ் உருகியிருக்காது.

பாஸ்தா. வேகவைத்த தண்ணீரை வடிக்கும் முன் ஒரு கப் எடுத்துவையுங்கள். அதில் உள்ள மாவுச்சத்து சாஸையும் எண்ணெயையும் பிரியாமல் பிடிக்கும். மறந்து சாக்கடையில் கொட்டிவிட்டு வருந்தாதவர் இல்லை. வடிதட்டுக்குள் கப்பை வைத்துவிடுங்கள், ஞாபகம் வரும்.

பாப்கார்ன். உப்பு ஒட்டவில்லை என்பதே எல்லாருடைய புகாரும். உப்பை மிக்சியில் மாவாக அரையுங்கள். வெண்ணெயை உருக்கி ஊற்றினால் நமத்துப்போகும், ஏனென்றால் அதில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். நெய் ஊற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

சாக்லேட் கேக் மாவில் அரை டீஸ்பூன் இன்ஸ்டன்ட் காபித்தூள். காபி தெரியாது, சாக்லேட் கூடும்.

8. மூன்று கிண்ணச் சோதனை

நீங்கள் ஆசையாகத் தேடிய பொருள் உங்களுக்கு நன்றாகத்தான் தெரியும். அதனால் வீட்டில் ஒருவரைப் பிடியுங்கள். மூன்று கிண்ணம்: இரண்டில் ஒரே உணவு, ஒன்றில் மற்றது. எது எதில் என்று சொல்லாமல், “மாறுபட்டது எது?” என்று மட்டும் கேளுங்கள். “எது நல்லா இருக்கு?” என்று எடுத்தவுடன் கேட்டால், உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள்.

குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆகவே ஒரு முறை சரியாகச் சொன்னதை நம்ப வேண்டாம். கிண்ணங்களின் இடத்தை மாற்றி நான்கைந்து முறை கேளுங்கள். வித்தியாசமே தெரியவில்லை என்றால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள். தெரிந்தால், அதன்பிறகு பிடித்தது எது என்று கேட்கலாம்.

9. ரகசியம் யாரிடம் செல்லாது

சாப்பிட வருபவருக்கு ஒவ்வாமை உண்டா, எதைத் தவிர்ப்பவர் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சோயா சாஸ் பலவற்றில் கோதுமை இருக்கும். வூஸ்டர்ஷயர் சாஸில் வழக்கமாக நெத்திலி மீன் உண்டு. மயோனைஸில் முட்டை. பார்மெசான் சீஸை மரபான முறையில் கன்றுக்குட்டியின் வயிற்று நொதியால்தான் உறையவைப்பார்கள். சைவர்களுக்கு அதைச் சொல்லாமல் போடக் கூடாது. வைன் சேர்த்துக் கொதிக்கவைத்தாலும் மது முழுதாகப் போய்விடாது. வேர்க்கடலையும் எள்ளும் ஒரு சிட்டிகை என்றாலும் சிலருக்கு உயிராபத்து.

“இதுல என்ன போட்டீங்க?” என்று யாராவது கேட்டால் சொல்லிவிடுங்கள், அவர் ஏன் கேட்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது.

10. நோட்டில் என்ன எழுதுவது

உணவின் எடை, பொருளின் பெயர், கிராமிலோ கரண்டியிலோ அளவு, சேர்த்த கட்டம், எவ்வளவு உப்பு குறைத்தீர்கள், யார் என்ன சொன்னார்கள். பொருளின் வகையையும் எழுதுங்கள். வேறு வகைச் சோயா சாஸ் வாங்கினால் உப்பும் நிறமும் மாறும். அன்று கிண்ணச் சோதனையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

தோற்றதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து ஆம்லெட்டில் காபித்தூள் போட்டுப் பார்க்கலாமே என்று மறுபடி தோன்றும். எனக்கு இரண்டு முறை தோன்றியிருக்கிறது.